மணிக்கூண்டைத் தாங்கிய சிமெண்டுப் பால்

ஐயா,

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் சுரங்க ரயில் நிலையம் பற்றிய உங்கள் கட்டுரை தூண்களின் அழகோடு நின்றுவிட்டது. உண்மையான சாதனை மண்ணுக்குள் இருக்கிறது. ஜூபிலி என்ற சுரங்க ரயில் தடத்துக்காக 39 மீட்டர் ஆழம் தோண்டினார்கள். மண்ணை எடுக்க எடுக்கச் சுற்றியுள்ள களிமண் குழிப்பக்கம் நகரும். பக்கத்து பிக் பென் மணிக்கூண்டுக் கோபுரமும் சாயும். அதனால் கோபுர அடித்தளத்துக்குக் கீழே எஃகுக் குழாய்களைப் படுக்கைவசமாகச் செலுத்தி, சாய்வை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, தேவைப்பட்ட போதெல்லாம் சிமெண்டுப் பாலை, அதாவது தண்ணீரில் கரைத்த சிமெண்டுக் குழம்பை, மண்ணுக்குள் அழுத்தி ஏற்றினார்கள். அளவு மிஞ்சினால் தரையையே மேலே தூக்கிவிடும்! மேலே அதே நிலையத்தின் பழைய டிஸ்டிரிக்ட் தடத்து ரயில் நிற்கவில்லை. இரவில் ஓட்டம் ஓய்ந்த சில மணி நேரத்தில் தண்டவாளத்தைச் சிறுகச் சிறுக 30 செ.மீ. இறக்கினார்கள். 1999 டிசம்பரில் ஜூபிலி தட நடைமேடைகள் திறந்தன. இதையும் அவசியம் எழுதுங்கள்.

– கட்டுமானப் பொறியாளர், சேலம்