மியான்மர்: எந்தத் தேர்தலை ஏற்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மியான்மரில் ராணுவம் நடத்தி முடித்த தேர்தலைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தேர்தல் எப்படி நடந்திருந்தாலும், அதன் வழியே அமையும் அரசோடு இந்தியா இணங்கிப்போவதே விவேகம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். எல்லைப் பாதுகாப்பு, சீனாவின் செல்வாக்கு, வடகிழக்கின் அமைதி என அவர் காட்டும் காரணங்கள் அலட்சியப்படுத்தக்கூடியவை அல்ல. ஆனால் அதே காரணங்களை வைத்துப் பார்த்தாலும் அவருடைய முடிவுக்கு நேரெதிரான இடத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையில் ஒரு வரியில் கடந்துபோன 2020 தேர்தலிலிருந்து தொடங்குவதே முறை. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் தேதி நடந்த பொதுத்தேர்தலில், இரு அவைகளுக்குமாகப் போட்டி நடந்த 476 இடங்களில் 396 இடங்களை ஆங் சான் சூச்சியின் ஜனநாயகத்துக்கான தேசிய லீக் வென்றது. ராணுவத்தின் ஆதரவு பெற்ற கட்சிக்குக் கிடைத்தவை 33. வாக்காளர் பட்டியலில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குளறுபடிகள் இருப்பதாக ராணுவம் புகார் சொன்னது. தேர்தல் ஆணையம் அதை ஏற்கவில்லை. தேர்தலைப் பார்வையிட்ட கார்ட்டர் மையம் போன்ற வெளி அமைப்புகளும், குறைகளைச் சுட்டிக்காட்டியபோதிலும், முடிவு வாக்காளர்களின் விருப்பத்தையே காட்டியது என்றன. பட்டியலில் பிழை இருந்தால் மறுஆய்வு கோரலாம், வழக்காடலாம். அதற்குப் பதிலாக, புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி விடியற்காலையில், வென்ற கட்சியின் தலைவர்களைப் பிடித்து அடைத்து, ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 2008-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் நாடாளுமன்றத்தின் கால் பங்கு இடங்களைப் போட்டியே இல்லாமல் ராணுவத்துக்கு ஒதுக்கியிருக்கிறது என்பதையும், அந்தச் சட்டத்தை எழுதியதே ராணுவம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி மின் ஆங் லைங்கின் புகாரில் எவ்வளவு நேர்மை இருந்தது என்பது விளங்கும்.

அந்தத் தேர்தலும் மாசற்றது அல்ல. ரோஹிங்கியா மக்களுக்கு அதில் வாக்குரிமை இல்லை. ரக்கைன் மாநிலத்தின் பெரும்பகுதியில் வாக்குப்பதிவே ரத்துசெய்யப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் சூச்சியே ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்று, இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுத்து, தன் நாட்டின் சார்பில் வாதாடினார். அவரைப் போற்றிப் பாடும் நோக்கம் எனக்கு இல்லை. ஆனால் குறையுள்ள தேர்தல் ஒன்றைக் காரணம் காட்டி, தேர்தலே அல்லாத ஒன்றை ஏற்றுக்கொள்ளச் சொல்வது என்ன நியாயம்?

இரண்டாவதைத் தேர்தல் அல்ல என்று நான் சொல்வது கோபத்தில் அல்ல. 2020-இல் வென்ற கட்சி, புதிய விதிகளின்படி மறுபதிவு செய்யவில்லை என்று 2023 மார்ச்சில் கலைக்கப்பட்டுவிட்டது. தேர்தலை எதிர்ப்பதையும் குலைப்பதையும் குற்றமாக்கி, குறைந்தது 3 ஆண்டுச் சிறை என்று 2025 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று தொடங்கிக் கட்டம் கட்டமாக நடந்த வாக்குப்பதிவு, ராணுவத்தின் கைக்குள் இல்லாத நகரியங்கள் பலவற்றில் நடக்கவே இல்லை. மியான்மரும் உறுப்பினராக உள்ள, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானே தன் பெயரில் பார்வையாளர்களை அனுப்பவில்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் சீனாவின் தியான்ஜின் நகரில் மின் ஆங் லைங்கைச் சந்தித்தபோது, தேர்தல் நியாயமாகவும் அனைத்துத் தரப்பினரையும் உள்ளடக்கியும் நடக்கும் என நம் பிரதமர் நம்பிக்கை தெரிவித்ததாக அரசு கூறியது. அந்த அளவுகோலை வைத்தவர்கள் நாம். நடந்ததை அதைக் கொண்டு அளந்து பார்ப்பதும் நம் பொறுப்புதானே?

இனி, ‘நாம் விலகினால் சீனா நுழைந்துவிடும்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். இது புதிய வாதம் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் கடைப்பிடித்துவரும் கொள்கையே இதுதான். 1988-இல் ரங்கூன் வீதிகளில் மாணவர்கள் சுடப்பட்டபோது இந்தியா அவர்கள் பக்கம் நின்றது. தப்பி வந்தவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரமிலும் முகாம்கள் அமைத்தது. அகில இந்திய வானொலியின் பர்மிய மொழி ஒலிபரப்பில் முன்னாள் பிரதமர் ஊ நூவின் மகள் பணியாற்றினார். ஜெனரல்களுக்கு அது எரிச்சலூட்டியது. டெல்லியில் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தன் அரசு இல்லத்தின் ஒரு பகுதியையே பர்மிய மாணவர்களுக்குக் கொடுத்திருந்தார். அவர் பாதுகாப்பு அமைச்சரான பிறகும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1990 மே மாதத் தேர்தலில் சூச்சியின் கட்சி பெருவெற்றி பெற்றும் ஆட்சி கைமாற்றப்படாதபோது நாம் கண்டித்தோம். பிறகு 1993 வாக்கில், கிழக்கு நோக்கிய கொள்கையின் பெயரில், மெல்ல ராணுவத்தின் பக்கம் திரும்பினோம். டெல்லியில் படித்து வளர்ந்த சூச்சி, 2012-இல் நேரு நினைவுச் சொற்பொழிவாற்ற வந்தபோது, தங்களுடைய மிகக் கடினமான நாட்களில் இந்தியா விலகிப்போனது வருத்தமளித்தது என்று நம் தலைவர்கள் முன்னிலையிலேயே சொன்னார்.

அந்தத் திருப்பத்தால் நாம் அடைந்தது என்ன? ரக்கைன் கடற்கரையில் உள்ள சௌக்பியூவிலிருந்து யுனான் மாகாணத்துக்குச் சீனாவின் எரிவாயுக் குழாய் 2013-லேயே இயங்கத் தொடங்கிவிட்டது. கச்சா எண்ணெய்க் குழாய் 2017-இல் வந்தது. கொல்கத்தாவைச் சித்வே துறைமுகம் வழியாக மிசோரமுடன் இணைக்க 2008-இல் நாம் ஒப்பந்தமிட்ட கலாதான் திட்டமோ இன்னும் முடியவில்லை. சித்வே துறைமுகம் 2023 மே மாதம் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் ஆற்றுவழி முடிந்து சாலை தொடங்கும் பலேத்வா நகரம் 2024 ஜனவரியில், ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் ஆர்மி என்ற ஆயுதக் குழுவின் கைக்குப் போய்விட்டது. அத்திட்டத்தை முடிக்க வேண்டுமானால் இந்தியா பேச வேண்டியது தலைநகர் நேப்பிடாவோடு மட்டும் அல்ல. மிசோரமை ஒட்டிய சின் மாநிலத்தின் எல்லையிலும் பெரும்பகுதி ராணுவத்தின் பிடியில் இல்லை. எல்லைப் பாதுகாப்புதான் நமக்கு முதன்மை என்றால், எல்லையில் உண்மையில் யார் இருக்கிறார்களோ அவர்களை விட்டுவிட்டு, அங்கே இல்லாதவர்களோடு உறவாடுவது எந்த வகையில் நடைமுறை ஞானம் என்பதைக் கட்டுரையாளர் விளக்கியிருக்கலாம்.

அண்டை நாடுகள் உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு சான்று உண்டு. 2016 டிசம்பர் 1 அன்று காம்பியாவில் நடந்த தேர்தலில் தோற்ற யாஹ்யா ஜமே, முதலில் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒரு வாரம் கழித்து முடிவை ஏற்க மாட்டேன் என்றார். அண்டை நாடுகளின் கூட்டமைப்பான எகோவாஸ் தூதுக்குழுக்களை அனுப்பியது, கெடு விதித்தது, எல்லையில் படையை நிறுத்தியது. வென்ற அடாமா பாரோ 2017 ஜனவரி 19 அன்று பக்கத்து நாடான செனகலின் தலைநகர் டக்காரில், காம்பியத் தூதரகத்தின் ஒரு சிறிய அறையில் பதவியேற்றார். இரண்டே நாளில் ஜமே நாட்டைவிட்டு வெளியேறினார். காம்பியாவின் மூன்று பக்கமும் செனகல்தான். மியான்மரின் நிலை அப்படி அல்ல, இந்தியா அங்கே படை அனுப்ப வேண்டும் என்று புத்தி பேதலித்தவர்கூடச் சொல்ல மாட்டார். ஆயினும் அந்த நிகழ்வில் துப்பாக்கிக்கு முன்னால் வந்தது அங்கீகார மறுப்பு: வென்றவரே அதிபர் என்று அண்டை நாடுகள் ஒரே குரலில் சொன்னதுதான் ஜமேயின் சொந்தப் படைத் தளபதியையே தயங்க வைத்தது.

மியான்மர் விஷயத்தில் அண்டை நாடுகளிடம் அந்த ஒரே குரல் எழவில்லை. 2021 ஏப்ரலில் ஜகார்த்தாவில் ஆசியான் தலைவர்கள் ஐந்து அம்ச உடன்பாடு ஒன்றை எட்டினார்கள். மின் ஆங் லைங் ஊர் திரும்பியதும் அதைக் கிடப்பில் போட்டார். அவ்வாண்டு அக்டோபர் உச்சிமாநாட்டுக்கு அவரை அழைக்காமல் விட்டது மட்டுமே ஆசியான் காட்டிய துணிச்சல். ஐ.நா. பொதுச்சபையில் 2021 ஜூன் 18 அன்று வந்த கண்டனத் தீர்மானத்தை 119 நாடுகள் ஆதரித்தன. 36 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, அவற்றுள் இந்தியாவும் ஒன்று. 2022 டிசம்பரில் பாதுகாப்பு சபை மியான்மர் குறித்து முதன்முறையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியபோதும், சபையின் தலைமைப் பொறுப்பில் இருந்த நாம், சீனாவோடும் ரஷ்யாவோடும் சேர்ந்து ஒதுங்கிக்கொண்டோம். சீனாவை எதிர்கொள்ளவே ராணுவத்தோடு உறவு என்று சொல்லிக்கொண்டு, வாக்கெடுப்பு மண்டபத்தில் சீனாவின் வரிசையிலேயே அமர்ந்திருப்பதை என்னவென்று சொல்வது?

இதற்கிடையில் அதே ஐ.நா.வில், 2021 பிப்ரவரி 26 அன்று தன் நாட்டு ராணுவத்துக்கு எதிராகப் பேசி, எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரல்களை உயர்த்திக் காட்டிய தூதர் கியாவ் மோ துன் நினைவுக்கு வருகிறார். ராணுவம் மறுநாளே அவரைப் பதவிநீக்கியதாக அறிவித்தது. ஆனால் ஒரு நாட்டின் பிரதிநிதியாக யாரை ஏற்பது என்பதைப் பரிசீலிக்கும் ஐ.நா.வின் நற்சான்றுக் குழு ஆண்டுதோறும் முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததால் அவர் தன் இருக்கையில் தொடர்ந்தார். வெறும் ஒரு நாற்காலி என்று இதை ஒதுக்க முடியாது. ஜெனரல்கள் இவ்வளவு பாடுபட்டுத் தேர்தல் நடத்தியதே இத்தகைய அங்கீகாரத்துக்காகத்தான். தேர்தல் என்ற பெயரில் நடந்ததை வைத்து அந்த இருக்கையைக் கைமாற்ற முயற்சி வந்தால், இந்தியா அதற்குத் துணைபோகாமல் இருப்பது காசு செலவில்லாத உதவி.

காசு செலவாகக்கூடிய உதவி மிசோரமில் நடந்துகொண்டிருக்கிறது. ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு தியாவ் ஆற்றைக் கடந்து அங்கே வந்தவர்கள் 30,000-க்கும் மேல். ஆற்றுக்கு இந்தப் பக்கம் சோகாவ்தார், அந்தப் பக்கம் கவ்மாவி. இடையில் ஒரு சிறு பாலம். இரு கரையிலும் உறவினர்கள். வருபவர்களைத் தடுக்கும்படி 2021 மார்ச்சில் மத்திய உள்துறை அமைச்சகம் நான்கு எல்லை மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அவர்கள் எங்கள் உடன்பிறப்புகள், விரட்ட முடியாது என்று அப்போதைய முதல்வர் சோரம்தங்கா பிரதமருக்குப் பதில் எழுதினார். அவர்களுக்கு அரிசியையும் தார்ப்பாயையும் தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் தந்தன. அகதிகளின் கைரேகை போன்ற உயிரியளவு விவரங்களைப் பதிவுசெய்யும்படி டெல்லி சொன்னபோது, திருப்பியனுப்ப அது பயன்பட்டுவிடும் என்ற அச்சத்தில் 2023-இல் மிசோரம் அரசு மறுத்துவிட்டது. அடைக்கலம் தருவதற்கான பதிவு என்ற உறுதியை மத்திய அரசு எழுத்தில் தந்திருந்தால் அந்த இழுபறிக்கே இடமிருந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கு இது விளங்காத விஷயம் அல்ல. இலங்கையிலிருந்து வந்தவர்களைப் பதிவுசெய்து, முகாமும் உதவித்தொகையும் ரேஷனும் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த அனுபவம் இம்மாநிலத்துக்கு நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது. அதன் குறைகளையும் நாம் அறிவோம். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடாதது அதற்குத் தடையாக இருக்கவில்லை. மியான்மரிலிருந்து தப்பி வந்த ஏழு பேர் டெல்லியில் உள்ள ஐ.நா. அகதிகள் அலுவலகத்துக்குப் பாதுகாப்பாகச் செல்ல வழிசெய்து, 2021 மே மாதம் மணிப்பூர் உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவும், உயிர்வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவையே அடிப்படையாகக் கொண்டது. பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் 1962-இல் ஆட்சியைப் பிடித்த பிறகு, கடைகளும் நிலங்களும் பறிபோய், கப்பலில் திரும்பி வந்த தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் வியாசர்பாடியில் வாழ்கிறார்கள். சிலர் அங்கேயே திரும்பிப்போக முயன்று, முடியாமல் மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அந்நாட்டில் ஜெனரல்களின் ஆட்சி என்றால் என்னவென்று டெல்லிக்கு எடுத்துச்சொல்ல நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உரிமையும் உண்டு, காரணமும் உண்டு.

ஆகவே அரசிடம் எதிர்பார்ப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. புதிய ஆட்சியாளர்களின் பதவியேற்பை வாழ்த்தித் தூதுக்குழு போகவேண்டாம். 2020-இல் வென்ற உறுப்பினர்கள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசோடும், எல்லைப் பகுதிகளை நிர்வகிக்கும் குழுக்களோடும் மறைவாக நடக்கும் பேச்சை வெளிப்படையாக நடத்தலாம். படிப்பு பாதியில் நின்ற மாணவர்களுக்கு நம் பல்கலைக்கழகங்களில் விசாவும் இடமும் தரலாம். தங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள்: மியான்மரைப் பற்றி அடுத்த கட்டுரையை வெளியிடும்முன், செய்தியாளர் ஒருவரைச் சோகாவ்தாருக்கு அனுப்பி, அந்தத் தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்களிடம் பேசி எழுதச் செய்யுங்கள்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
காரைக்குடி