ஐஸ் மீன் விவகாரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரியில் பச்சை மீன் பரிமாறும் நம் ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையைப் பற்றி ஒரு போட்டோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்து நாளாக இந்த மடலை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கடைக்காரன் வாயைத் திறந்தால் சண்டைக்கு வருகிறான் என்பார்கள், திறக்காவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு என்பார்கள். போன புதன்கிழமை, கடை திறந்த முதல் மாதத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் ஒரு அம்மா, பில்லுக்குப் பணம் வைத்துவிட்டு, பக்கத்து மேசைக்குக் கேட்காமல், "தம்பி, அந்தப் போட்டோ நெஜந்தானா?" என்று கேட்டார்கள். அவர்களுக்கே சந்தேகம் என்றால் மற்றவர்கள் கேட்காமலே தீர்ப்பு எழுதியிருப்பார்கள். அதனால்தான் உட்கார்ந்துவிட்டேன்.

போட்டோவைப் பார்க்காத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். நம் சமையல்கட்டுக் கதவோரம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. மேலே ஒட்டிய சீட்டில் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி. கை கழுவப் போனவர் யாரோ எடுத்திருக்கிறார். கீழே ஒரு வரி: "கூப்பிடு தூரத்துல கடல் இருக்கு, இவங்க போடறது ஐஸ் மீனு." முத்தியால்பேட்டையில் கிளம்பிய படம் கடலூர் வரை போய்த் திரும்பிவிட்டது. என் மச்சானே எனக்கு அனுப்பினான், இது நம்ம கடைக் கதவு என்று கவனிக்காமல்.

முதலில் ஒன்று. பெட்டி காலிப் பெட்டி. அன்று காலை ஃப்ரீசரைத் துடைத்தோம், பழைய பெட்டிகளை ஓரமாக அடுக்கினோம், மாலைக்குள் அப்புறப்படுத்தவில்லை. அது எங்கள் சோம்பல், ஒப்புக்கொள்கிறேன். சீட்டில் இருந்தது மீனை அடைத்த தேதி. கெடு தேதி அதற்கு அடுத்த வரியில். படத்தில் அந்த வரி வெட்டுப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றே வெட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் தேதியைவிட எனக்குத் தைத்தது அந்த "ஐஸ் மீன்" என்ற சொல்தான். என் அப்பா கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஐஸ் பார்களை மெஷினில் போட்டு அரைத்து விசைப்படகுகளுக்கு ஏற்றிவிடுவது அவர் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அங்கேதான் கிடப்பேன். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் எத்தனை நாள் என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, அதுவாக வந்தது. நாலைந்து நாள் கடலில் தங்கி வரும் படகு எதுவும் ஐஸ் ஏற்றாமல் கிளம்பாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் இன்றைக்கு இறங்கும் மீனிலும் பாதி, வலையில் விழுந்த நாளிலிருந்து ஐஸில் படுத்து வந்ததுதான். அதை வாங்கிவந்து "ஃப்ரெஷ்ஷா கெடச்சுது" என்று சந்தோஷமாகக் குழம்பு வைக்கிறோம். நானும்தான்.

குழம்பு வேறு, பச்சையாகச் சாப்பிடுவது வேறு. இதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடல் மீனில் அனிசாகிஸ் என்று நூல் மாதிரி ஒரு புழு இருக்கலாம். குழம்பில் கொதித்தால் செத்துப்போகும், நமக்குத் தெரியவே தெரியாது. பச்சையாகப் போனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருள வேண்டியதுதான். வினிகர் அதைக் கொல்லாது. தட்டோரம் வைக்கும் காரமான பச்சை விழுது, அந்த வாசாபியும் கொல்லாது. மேலே எவ்வளவு சாக்கே, அதாவது ஜப்பானிய அரிசி மது, ஊற்றினாலும் கொல்லாது (இப்படி ஒரு நம்பிக்கை நம் பார் பக்கத்தில் உலவுகிறது). குளிர்தான் கொல்லும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு. நாங்கள் உள்ளூர் சூரை மீனை (டூனா) அந்தக் கணக்குப்படிதான் வைக்கிறோம். 7 நாள் முடியாத மீன் சஷிமி (பச்சை மீன் துண்டு) தட்டுக்கு வராது. ஆக, "ஐஸ் மீன்தானே?" என்று கேட்டால், ஆமாம், ஐஸ் மீன்தான்.

ஜப்பானிலும் இதே கதைதான். ஆழ்கடல் சூரைப் படகுகள் மைனஸ் 60 டிகிரியில் மீனைக் கல்லாக்கித்தான் கரைக்குக் கொண்டுவருகின்றன. டோக்கியோவின் டோயோசு சந்தையில் உறைந்த சூரைக்கென்றே தனி ஏலம் உண்டு. நமக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதமும் "இன்னைக்குக் காலையில வந்த சூரை" என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால், அவரிடம் இரண்டாவது கேள்வி கேளுங்கள்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்மை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்குள் முழங்கால் தண்ணீர், ஜெனரேட்டர் முழுகிவிட்டது, கரண்ட் இல்லை. ஃப்ரீசரைத் திறக்காமல் ஒன்றரை நாள் காவல் காத்தோம். திறந்தபோது மேல் தட்டு மீன் விரலுக்கு அமுங்கியது. கீழ்த் தட்டு அப்போதும் கல்லாகத்தான் இருந்தது, குழம்புக்கு விற்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மொத்தத்தையும் குழி வெட்டிக் கொட்டினோம். அன்றைக்கு யாரும் போட்டோ எடுக்கவில்லை.

சால்மன் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய மார்க்கெட்டில் காலா மீன் விலை தெரிந்த ஒருவர், "காலாவைத்தானே சால்மன்னு விக்கிறீங்க?" என்று மேசையில் வைத்தே கேட்டார். காலாவுக்கு ஆங்கிலத்தில் இந்தியன் சால்மன் என்று பெயர் வைத்ததால் வந்த வினை. இரண்டுக்கும் உறவே கிடையாது. நம் தட்டில் இருப்பது நார்வே பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்து, உறையவைத்து வருவது. அந்த ஆரஞ்சு நிறமும் தீவனத்தில் சேர்ப்பதால் வருவதுதான், சாயம் பூசியதல்ல. சொன்னால் சிரிப்பீர்கள், ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாகச் சாப்பிடத் தொடங்கியது 1980களில் நார்வேக்காரர்கள் போய் விற்ற பிறகுதான்.

இனி சனிக்கிழமை. சனி, ஞாயிறு வந்தவர்களுக்கும் புதன், வியாழன் வந்தவர்களுக்கும் அனுபவம் இரண்டு விதமாக இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். கவுண்டரில் எட்டு நாற்காலி, மாடியில் பார், மீன் வெட்டுபவர் ஒரே ஆள். நான்கு வருஷம் நம்முடன் இருந்த மணிப்பூர்த் தம்பி தை பிறந்ததும் சென்னைக்குப் போய்விட்டார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஜப்பான் கம்பெனிகள் நிறைய, அங்கே வேலை செய்யும் ஜப்பானியர்களுக்கென்று சாப்பாட்டுக் கடைகளும் நிறைய. அவர்கள் சொன்ன சம்பளத்துக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. மனக்கசப்பு எதுவும் இல்லை, போன பிறகும் போன் செய்தார்.

இப்போது கவுண்டரில் நிற்பது வீராம்பட்டினத்துத் தம்பி. மூன்று வருஷம் அந்த மணிப்பூர்த் தம்பி பக்கத்திலேயே நின்று பழகியவர், மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் அவர் அம்மாவின் அரிவாள்மனையில் மீன்தான் நகரும், கத்தி நகராது. இங்கே மீன் அசையக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் தீட்டிய நீளக் கத்தியை ஒரே இழுப்பாகத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் போனால் துண்டின் முகம் பிய்ந்துவிடும். முதல் மாதம் துண்டுகள் ஒன்று தடியாகவும் ஒன்று மெல்லியதாகவும் வந்தது உண்மை. இப்போது கை வந்துவிட்டது. வேகம் இன்னும் வரவில்லை. ஐம்பது நிமிஷம் காத்திருந்து எழுந்துபோன அந்த ஆறு பேர் கூட்டத்திடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வேறு சில குறைகளையும் கேட்டேன். சிலது நியாயம், சிலது பழக்கமில்லாததால் வருவது. "சாக்கே ஊத்தத் தெரியாத பையனை வேலைக்கு வச்சிருக்கீங்க, டம்ளர் நிரம்பி வழியுது" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். டம்ளரை ஒரு சின்ன மரப்பெட்டிக்குள் வைத்து, வழிய வழிய ஊற்றுவதுதான் ஜப்பானில் வழக்கம். தாராளமாகக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். பெட்டியில் வழிந்ததும் உங்களுடையதுதான், குடிக்கலாம். இன்னொன்று, சாக்கேயைப் பெக் கணக்கில் கேட்காதீர்கள். அது விஸ்கி வகை இல்லை, அரிசியை நொதிக்க வைப்பது, 15 சதவீதம் சொச்சம். அதிலேயே சோடா கேட்டவர்களுக்கு நாங்கள் கொடுத்துமிருக்கிறோம். கடலூர் நண்பர்களுக்கு: மீதிப் பாட்டிலைப் பார்சல் கட்டித் தரச் சொல்லாதீர்கள். புதுச்சேரி எல்லை முள்ளோடை, அதைத் தாண்டினால் உங்கள் பாடு.

பில் ஏன் இரண்டாக வருகிறது என்றும் கேட்கிறீர்கள். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி, மதுவுக்கு வாட். இரண்டையும் ஒரே வரியில் எழுத எங்களுக்கும் ஆசைதான்.

வாசாபி. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மகன், மருமகளோடு வந்திருந்த ஒரு பெரியவர் தட்டோரம் இருந்த பச்சை உருண்டையைப் புதினாத் துவையல் என்று நினைத்து முழுசாக வாயில் போட்டுவிட்டார். நான் கல்லாவிலிருந்து பார்க்கிறேன், எழுந்து ஓடுவதற்குள் போட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் பேச்சே இல்லை. மகன் என்னை முறைக்கிறார். பெரியவர் மூச்சு விட்டுவிட்டு, "ஜலதோஷம் போச்சுய்யா" என்றார். அந்த மேசைக்குப் பணம் வாங்க மனம் வரவில்லை, அவர் விடவும் இல்லை. இப்போது தட்டு வைக்கும்போதே பையன்கள் சொல்லிவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பது அசல் வாசாபிக் கிழங்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹார்ஸ்ரேடிஷ் வேரும் கடுகும் சேர்த்துப் பச்சை நிறம் கொடுத்தது. உலகத்தில் பெரும்பாலான கடைகளில் இதுதான்.

சூப்பின் ருசி எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு ஒரு நல்ல சேதி, அது நமக்குச் சொந்தக்காரன்தான். எங்கள் சூப்பில் போடும் கட்சுவோபுஷி என்பது சூரை இனத்து மீனை வேகவைத்து, புகை போட்டு, மரக்கட்டை போல் காயவைத்து, சீவி எடுப்பது. நம் மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். என் ஆயா மாசியை இடித்துச் சம்பல் செய்யும் வாசனையும் எங்கள் சூப் பானையின் வாசனையும் ஒன்றுதான், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சோயா விழுது கரைத்த மிசோ சூப்பும் அந்தச் சாற்றில்தான் செய்யப்படுகிறது; சைவம் என்று சொல்லிக் குடித்த இரண்டு மேசைகளிடம் பேசிவிட்டோம், மெனுவில் இருந்த பச்சைப் புள்ளியை எடுத்தாயிற்று. சைவத்துக்குக் கடற்பாசியும் காளானும் போட்டுத் தனிச் சாறு இப்போது தனிப் பானையில் வைக்கிறோம். ஆரோவில் டோஃபு எப்போதும் போல உண்டு.

செலவைப் பற்றி நீட்டப்போவதில்லை. ஜப்பானில் அரியாகே கடலில் பாசி விளைச்சல் படுத்ததிலிருந்து சுஷியைச் சுற்றும் நோரிப் பாசித் தாள் விலை இறங்கவே இல்லை. மாட்சா என்ற பச்சைத் தேயிலைத் தூள் கிடைப்பதே பாடாக இருக்கிறது. 19 கிலோ சிலிண்டர் விலை ஒவ்வொரு மாதம் முதல் தேதியும் என்னவாகுமோ என்று காத்திருக்கிறோம். நோரி என்றதும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்க் கடல் காற்றில் அது ஐந்து நிமிஷத்தில் அப்பளம் போல நமுத்துவிடும். போட்டோ எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் ஒரே போட்டோ.

இத்தனைக்கும் நடுவில் நீங்கள் வந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். புதன்கிழமை தவறாமல் வந்து கவுண்டரின் கடைசி நாற்காலியில் உட்காரும் நம் சொல்தா ஐயா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்), அந்தப் படத்தை எனக்குக் காட்டி, "இதுக்கெல்லாம் பதில் சொல்லாத, இன்னொரு தட்டு வை" என்றார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன். பரீட்சை முடிந்ததும் காசு சேர்த்துக்கொண்டு வந்து ஒரே தட்டை நாலு பேர் பங்கு போட்ட காலேஜ் பிள்ளைகள், புயலுக்கு மறுநாள் துடைப்பத்தோடு வந்து நின்ற எதிர்வீட்டு அக்கா, சென்னைக்குப் போன தம்பியின் நலம் கேட்கும் ஒவ்வொருவரும் இந்தக் கடையின் பங்காளிகள். உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதாது.

படம் எடுத்தவருக்கும் ஒன்று. நீங்கள் யாரென்று நான் விசாரிக்கவில்லை. புதன், வியாழன் மாலை 6 மணிக்கு வாருங்கள், கூட்டம் இருக்காது. ஃப்ரீசரைத் திறந்து ஒவ்வொரு சீட்டாகக் காட்டுகிறேன், கெடு தேதியோடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டு என் கணக்கில்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரன்

பி.கு.: போன சனிக்கிழமை மாடியில் யாரோ விட்டுப்போன படிக்கும் கண்ணாடி கல்லாவில் இருக்கிறது, பழுப்பு ஃப்ரேம். கடற்கரைச் சாலையில் மாலை வண்டி விட மாட்டார்கள் என்பதால் பின்தெரு வழியாக வரவும். எட்டுத் துண்டு சுஷித் தட்டு வரும் 1ஆம் தேதி முதல் ஆறு துண்டு, விலை பழையதுதான்.