பதின்மூன்று பக்கம், ஒரு பக்கம்

கண்ணங்குறிச்சி, சேலம்
ஆடி 10

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு "அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், விடு கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. திரும்பப் போன் போட்டால் நீ பாதியிலேயே "சரிப்பா, டூட்டிக்கு நேரமாச்சு" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ பிடித்து அனுப்புவான். எழுத்து புரியாவிட்டால் அம்மாவைக் கேள், நாற்பது வருஷமாக அவளுக்கு மட்டும்தான் புரிகிறது.

இங்கிலாந்தில் உன் ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்யும் அந்த ஊர்ப் பெண்ணுடைய தம்பி ஈராக் போரில் சிப்பாயாகப் போய் பஸ்ராவில் செத்துப்போனான். போன வாரம் டீ குடிக்கும் நேரத்தில் யாரோ "அந்தப் போரே பொய்யில் நடந்தது" என்று சொல்ல, அவள் கப்பை அப்படியே சிங்க்கில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நைட் டூட்டியில் உன்னிடம் கேட்டிருக்கிறாள்: "உன் அப்பா வக்கீல் ஆபீஸில் இருந்தவராமே. எங்க கவர்மென்ட் சொன்ன காரணம் சரியா தப்பா, அவர் என்ன சொல்வார்?"

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. இதை அவளிடம் முதலில் சொல்லிவிடு. முப்பத்தாறு வருஷம் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு கட்டுச் சுமந்தவன், அவ்வளவுதான். ஆனால் அவள் கேட்கிற விஷயம் எனக்கு அன்னியமில்லை. 2005 ஏப்ரல் கடைசியில் உங்கள் ஊர் அட்டர்னி ஜெனரல், அதாவது அரசாங்கத்தின் தலைமை வக்கீல், கோல்ட்ஸ்மித் அந்தப் போர் சட்டப்படி சரியா என்று எழுதிய ஒப்பீனியன் முழுசாக வெளியே வந்தபோது, நம் ஆபீஸ் ஜூனியர் ஒருவர் அதைப் பிரின்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தார். பதின்மூன்று பக்கம். சாயங்காலம் ஆபீஸ் காலியானதும் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். ஏன் அவ்வளவு அக்கறை என்று நீ கேட்பாய். அதைச் சொல்ல வேண்டுமானால் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு பார்ட்டி வந்தார். ஏற்காட்டில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் விலைக்கு வருகிறது, பணம் போடுவது வெளியூரில் இருக்கும் அவர் மச்சான், லீகல் ஒப்பீனியன் வேண்டும். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மூலப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாம் சரி. வாரிசுச் சான்றைப் பார்க்கும்போதுதான் இடித்தது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் போய்விட்டார், பிள்ளைகள் நான்கு பேர். பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர், மூவரும் அண்ணன் தம்பிகள். தங்கை இல்லை.

சீனியர் மூன்று பக்கத்துக்கு டிக்டேட் செய்தார். இப்படியும் வாதாடலாம், அப்படியும் வாதாடலாம், ஆனால் தங்கையிடம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிய பிறகு கிரயம் செய்வதே பாதுகாப்பு என்று முடித்தார். இரண்டு நாளில் பார்ட்டி திரும்பி வந்தார். "மச்சான் இவ்வளவு நீளமாப் படிச்சாக் குழம்பிடுவான். டைட்டில் சரின்னு ஒரே பக்கமாக் குடுங்க. தங்கச்சியை அப்புறம் பாத்துக்கலாம், அது ஒண்ணும் பேசாது." சீனியர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரே பக்கம் டிக்டேட் செய்தார். நான் டைப் அடித்தேன். அதில் பொய் என்று ஒரு வரி காட்ட முடியாது. கடைசிப் பாரா மட்டும் இல்லை.

நாலு வருஷம் கழித்து அந்தத் தங்கை பாகம் கேட்டு வழக்குப் போட்டார். பேசாது என்று சொன்ன அதே தங்கை. கால் பங்கு போனது, வக்கீல் செலவு போனது, மிச்சத்தை மச்சான் வந்த விலைக்குத் தள்ளினார். ஒருநாள் அந்த ஒற்றைப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்து, "இதுல போடலீங்களே?" என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. சீனியர் கோர்ட்டில் இருந்தார். நான் டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது கோல்ட்ஸ்மித் எழுதியதைப் பார். 2003 மார்ச் 7 தேதியிட்ட அந்தப் பதின்மூன்று பக்கத்தில், பழைய ஐ.நா. தீர்மானங்களை வைத்தே போருக்கு அனுமதி உண்டு என்று வாதாட இடமிருக்கிறது, ஆனால் கோர்ட்டு அதை ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது, இன்னொரு தீர்மானம் வாங்குவதே பாதுகாப்பான வழி என்று இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு நம் மூன்றாம் பக்கத்துக் கடைசிப் பாரா கண்முன் வந்துவிட்டது. பத்தே நாளில், மார்ச் 17 அன்று, அதே மனிதர் பார்லிமென்டில் கொடுத்த எழுத்துப் பூர்வமான பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்குகிறது. போர் சட்டப்படி சரி. "ஆனால்" காணோம். முழு ஒப்பீனியனை மந்திரிசபை கண்ணால் பார்க்கவில்லை. மறுநாள் பார்லிமென்டில் போருக்கு 412 பேர் ஆதரவாக, 149 பேர் எதிராக ஓட்டுப் போட்டார்கள். 20-ஆம் தேதி குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. வெளியுறவுத் துறையின் சட்டப் பிரிவிலேயே எலிசபெத் வில்ம்ஷர்ஸ்ட் என்ற அம்மாள் ஒருவர் இதற்கு உடன்பட முடியாது என்று வேலையை விட்டுப் போனார். எங்கள் ஆபீஸில் அன்றைக்கு அப்படி யாரும் எழுந்து போகவில்லை. நானும் போகவில்லை.

அந்த 45 நிமிஷக் கதையும் இதே ஜாதிதான். 2002 செப்டம்பர் 24 அன்று அரசாங்கம் வெளியிட்ட ஆவணத்தில், ஈராக் அதிபர் சதாம் உத்தரவு போட்டால் 45 நிமிஷத்துக்குள் ரசாயன ஆயுதம் தயாராகிவிடும் என்று இருந்தது. உளவுத் துறைக்கு வந்த மூலச் செய்தி போர்க்களத்தில் சுடும் சின்ன ஆயுதத்தைப் பற்றியது. அந்த விளக்கம் விழுந்துபோக, ஏவுகணை தங்கள் தலையில் வந்து விழும் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். உளவுத் தகவல் எவ்வளவு மெலிசானது என்ற எச்சரிக்கை அந்த ஆவணத்தில் போதுமான அளவு இல்லை என்று 2004-ல் அந்த உளவுத் தகவலை ஆராய பிரிட்டிஷ் அரசாங்கமே போட்ட பட்லர் கமிட்டி சொன்னது. அதனால் "பொய்யில் நடந்த போர்" என்ற பேச்சை நான் அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டேன். உட்கார்ந்து பொய்யை ஜோடித்தார்கள் என்று சொல்வது சுலபம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆளாளுக்கு ஒரு பாராவைக் கழற்றினார்கள் என்பதுதான் என் கணக்கு. குற்றம் அதனால் குறைந்துவிடாது. சொல்லப்போனால் எனக்கு இதுதான் கோபமாக வருகிறது.

சரி, சதாம் நல்லவனா? இல்லவே இல்லை. 1988 மார்ச்சில் ஹலாப்ஜா ஊரில் விஷ வாயு போட்டு ஆயிரக்கணக்கான குர்து ஜனங்களைக் கொன்றவன். உன் தோழி இதைச் சொன்னால் அவள் சொல்வது நியாயம். ஆனால் 1988-ல் வராத கோபம் பதினைந்து வருஷம் கழித்து ஏன் வந்தது? பேரழிவு ஆயுதம் இருக்கிறது, அதனால் போகிறோம் என்றுதான் பிராது. ஐ.நா. ஆயுதச் சோதனைக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸின் ஆட்கள் அங்கேயே தேடிக்கொண்டிருந்தார்கள், இன்னும் சில மாசம் கொடுங்கள் என்றார்கள், கொடுக்கவில்லை. உள்ளே போய் ஊரைக் குடைந்தும் குவியல் எதுவும் கிடைக்கவில்லை என்று 2004-ல் அமெரிக்கர்களே அறிக்கை கொடுத்தார்கள். அதற்குள் பேச்சு, கொடுங்கோலனிடமிருந்து ஜனங்களை மீட்டோம் என்று மாறியிருந்தது. நம் முன்சீப் கோர்ட்டிலேயே விசாரணை ஆரம்பித்த பிறகு பிராதைத் திருத்த மனுப் போட்டால், இது உனக்கு முன்பே ஏன் தெரியவில்லை என்று ஜட்ஜ் கேட்பார். வேலித் தகராறுக்கே அந்தக் கேள்வி உண்டு.

அவள் ஊர்க்காரர்களே விசாரித்து எழுதியதைச் சொன்னால் அவளுக்கு உறுத்தாது. ஈராக் போரைப் பற்றிய சில்காட் விசாரணை 2009-ல் ஆரம்பித்து 2016 ஜூலை 6 அன்று அறிக்கை கொடுத்தது. பன்னிரண்டு தொகுதி, 26 லட்சம் சொல். நான் படித்தது சுருக்கம் மட்டும்தான், பெருமையடிக்கவில்லை. ஆயுதத்தைக் களைய அமைதியான வழி இன்னும் மீதமிருந்தபோதே போருக்குப் போனார்கள், வேறு வழியே இல்லாமல் போன போர் அன்று அது என்கிறது. 2002 ஜூலையிலேயே, அதாவது மற்ற எல்லாக் காகிதத்துக்கும் முன்னால், "எது வந்தாலும் உங்களோடு இருப்பேன்" என்று பிரிட்டிஷ் பிரதமர் பிளேர் அமெரிக்க ஜனாதிபதி புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பும் அதில் வெளிவந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வில்லங்கம் போட வருகிற பார்ட்டியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சான்றில் என்ன இருந்தாலும் அவர்கள் காதில் ஏறாது.

"உங்க நாடு ரொம்ப ஒழுங்கா?" என்று அவள் திருப்பிக் கேட்டால் முழிக்காதே. 2003 ஏப்ரல் 8 அன்று நம் லோக்சபா அந்தப் போரை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. இந்தியில் "நிந்தா", அதாவது கண்டனம், என்று காரமாகவும் இங்கிலீஷில் கொஞ்சம் மெலிதாகவும் சொல் போட்டுச் சமாளித்தார்கள், சாமர்த்தியம். ஜூலையில் அமெரிக்கா படை அனுப்பக் கேட்டபோது மாட்டோம் என்றார்கள், அது நல்ல காரியம். 1971 பங்களாதேஷ் போருக்கு நாம் சொன்ன காரணத்தை யாரும் டைப் அடிக்கவே தேவையிருக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்து நின்றார்கள். டிசம்பர் 3 அன்று பாகிஸ்தான் விமானங்கள் நம் விமானத் தளங்களில் குண்டு போட்டன. ஆனால் அதற்கு மாசக்கணக்கில் முன்னாலேயே வங்காளிகளின் விடுதலைப் படையான முக்தி வாகினிக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துவந்தோம். அதை மேடை போட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் 1987, இலங்கை. பேரே அமைதி காக்கும் படை. ஜூலையில் ஒப்பந்தம், அக்டோபரில் சண்டை. 21-ஆம் தேதி நம் படை யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது நோயாளிகளும் டாக்டர்களும் உன்னைப் போன்ற நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் சிப்பாய்களும் அந்தத் தீவில் செத்தார்கள். 1990 மார்ச்சில் மிச்சப்பேர் திரும்பிவந்தபோது எதற்குப் போனோம் என்பதை யாரும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை. நம் ஊர்ப்பக்கம் ஒரு வீட்டில் யூனிபார்ம் போட்டோவுக்கு இன்னும் மாலை போடுகிறார்கள். அந்த அம்மாவிடம் போய் "உன் மகன் போன காரணம் சரியில்லை" என்று நான் சொல்வேனா? ஆடிப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக் கூழைக் குடித்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

ஆக, உன் தோழிக்கு என்ன சொல்வது? அரசாங்கம் சொன்ன காரணம் நிற்கவில்லை, இது என் முடிவு. அதை மழுப்பிச் சொல்லாதே, அவள் கேட்டிருக்கிறாள். ஆனால் அவள் தம்பி அந்தப் பதின்மூன்று பக்கத்தைப் பார்த்தவன் இல்லை. அவன் கைக்கு வந்தது அந்த ஒரு பக்கம். அதை நம்பிப் போனான். ஈராக்கில் செத்த பிரிட்டிஷ் படையினர் 179 பேரும் அப்படித்தான் போயிருப்பார்கள். காகிதத்தைச் சுருக்கியவர்களின் கணக்கை அவன் பேரில் எழுதக் கூடாது என்று நீ சொன்னால், அவள் இன்னொரு கப்பைப் போட மாட்டாள் என்று நினைக்கிறேன். ஈராக்கில் செத்த ஜனங்களும் அந்த ஒற்றைப் பக்கக் காகிதத்தால்தான் செத்தார்கள் என்பதையும் என்றைக்காவது பேசலாம், முதல் நாளே வேண்டாம்.

அந்த மச்சான் மறுபடி ஒருதரம் வந்தார். "மூணு பக்கம் ஒண்ணு இருந்துச்சாமே, அது கிடைக்குமா?" என்றார். கார்பன் காப்பி கட்டில் இருந்தது. சீனியரைக் கேட்காமலே எடுத்துக் கொடுத்தேன். என் சர்வீசில் அப்படிச் செய்தது அந்த ஒரு தடவைதான். வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். ஒரு மணி நேரம் இருக்கும். திட்டுவார் என்று உள்ளே நின்றேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார்.

கோல்ட்ஸ்மித்தின் பதின்மூன்று பக்கம் இப்போது யாருக்கும் கிடைக்கும். அவள் படிக்க விரும்பினால் பக்கத்தில் உட்கார், வேண்டாம் என்றால் வற்புறுத்தாதே.

கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள். சேர்வராயன் மலையில் மூணு நாளாக மேகம் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, ராத்திரி போர்வை கேட்கிறது. அம்மா தட்டுவடையும் ஏற்காட்டுக் காப்பித்தூளும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். தட்டுவடை நொறுங்கித்தான் வரும், திட்டாமல் சாப்பிடு. அவளுக்கும் கொஞ்சம் கொடு.

அந்தப் பையன் பேர் என்ன? நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த போனில் சொல்.

அப்பா