ஆண்டறிக்கை 2024–25: வெள்ளை பெல்ட்டில் ஓர் ஆண்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தென்கொரியாவின் சுவோன் நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கமாகச் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டம், புத்தகப் பரிமாற்றம், தீபாவளி, பொங்கல் எல்லாம் எப்போதும் போல நல்லபடியாக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், பிள்ளைகளின் தமிழ் வகுப்பைப் பற்றி அதன் பொறுப்பாளர் பேசுவார். எனக்குக் கொடுத்த நேரத்தை, இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கிய, கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவைப் பெரியவர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்புக்கே எடுத்துக்கொள்கிறேன்.

டேக்வாண்டோ பயிற்சிக்கூடத்தை இங்கே டோஜாங் என்பார்கள். போன ஆண்டு இதே கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டது நினைவிருக்கும். "பள்ளிக்கூட வாசலுக்கே டோஜாங் வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகுது. சாயங்காலம் வியர்வையோட வீட்டுக்கு வருதுங்க. அங்க என்னதான் சொல்லிக்கொடுக்கிறாங்கன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?" அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இங்கே டோஜாங் எவ்வளவு பெரிய துணை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் கதவைத் தாண்டி உள்ளே போனவர்கள் நம்மில் மிகச் சிலர்தான். நம் பிள்ளைகள் பலர் பயிலும் டோஜாங்கின் தலைமை ஆசிரியரிடம் போய்க் கேட்டோம். சனிக்கிழமை காலை 9 மணி முதல் 10.30 வரை கூடத்தை வாடகை இல்லாமல் கொடுத்தார், தானே சொல்லிக்கொடுக்கவும் ஒப்புக்கொண்டார். அவருக்கு இந்தச் சங்கம் மிகவும் கடமைப்பட்டிருக்கிறது.

மே மாதம் 17 பேர் சேர்ந்தோம். இன்று 11 பேர் தொடர்கிறோம்.

முதல் நாளில் உதையே கிடையாது. செருப்பை வெளியே விட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்க் கொடிக்கும் ஆசிரியருக்கும் வணங்குவதோடு வகுப்பு தொடங்கியது. அது நமக்குப் புதிதாகவே தோன்றவில்லை. "சாரியொத்" என்றால் நேராக நில், "கியொங்நே" என்றால் வணங்கு, "ஜூன்பி" என்றால் தயாராகு. அப்புறம் ஹானா, தூல், செத், நெத் என்று எண்ணக் கற்றோம். மொழிபெயர்த்தது நம் ஆய்வாளர் ஒருவரின் பதினொரு வயது மகள். அவள் பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பும் பெல்ட் வாங்கியவள். 15 வயது நிரம்பாதவர்களுக்குக் கறுப்பு பெல்ட்டுக்குப் பதிலாகத் தருவது அதுதான். டோஜாங்கில் வரிசை பெல்ட்டைப் பார்த்து அமைவதால் மகள் முன்வரிசையில், அப்பா கடைசி வரிசையில். வீட்டில் அவளுக்கு அவர் கணக்கு சொல்லித் தருகிறார், இங்கே அவள் வந்து அவருடைய முழங்காலைத் திருத்துகிறாள். இந்த வகுப்பால் நமக்குக் கிடைத்ததில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான்.

புதிதாகச் சேர நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். 'டே' என்றால் காலால் உதைப்பது, மிதிப்பது. 'க்வொன்' என்றால் விரல்களை மடக்கிய கைமுட்டி. 'டோ' என்றால் வழி. காலும் கையும் கற்கும் நெறி என்று வைத்துக்கொள்ளலாம். முட்டி பிடிக்கும்போது கட்டைவிரல் உள்ளே போகக் கூடாது, மடக்கிய விரல்களின் மேல் வெளியே இருக்க வேண்டும். முன்னுதைக்கு 'ஆப் சாகி' என்று பெயர். முதலில் முழங்காலைத் தூக்கி, பிறகு காலை நீட்டி, பாதத்தின் முன்பக்க மெத்தையால் தட்டி, நீட்டிய வேகத்திலேயே மடக்கிக்கொண்டு கீழே வைக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் நீட்டுவதில்தான் குறியாக இருந்தோம். மடக்கவே மறந்துவிட்டோம். காலைத் திருப்பி எடுக்கத் தெரியாதவரின் உதை எவ்வளவு உயரம் போனாலும் அது உதையே இல்லை என்று ஆசிரியர் அந்த ஒன்றையே ஒரு மாதம் செய்ய வைத்தார். இடுப்பு உயரம் எட்டினால் போதும், உயரம் தானாக வரும் என்பது அவர் கணக்கு. அது சரிதான் என்று இப்போது தெரிகிறது. சுழற்றி உதைக்கும் 'தொல்லியொ சாகி'யில் ஊன்றிய கால் சேர்ந்து திரும்பாவிட்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதில் அவசரப்படவே வேண்டாம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை தாமதமாகத் தொடங்கியதால், உடலைச் சூடாக்கும் பயிற்சியைச் சுருக்கச் சொல்லிக் கேட்டவன் நான்தான். அன்று நம் உறுப்பினர் ஒருவருக்குத் தொடையின் பின்தசை பிடித்து, ஆறு வாரம் வகுப்புக்கு வர முடியாமல் போனது. அவரிடம் இந்த அவையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு, யார் எப்போது வந்தாலும் 20 நிமிடம் உடலைச் சூடாக்கிய பிறகே வரிசையில் சேர வேண்டும் என்று விதி வைத்துவிட்டோம்.

வரலாறு பற்றி நம்மிடையே ஒரு விவாதமே நடந்தது. டேக்வாண்டோவுக்கு 2,000 ஆண்டு வயது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறது. பழைய கொரியாவில் டேக்கியொன் என்ற உதைக்கலை இருந்ததும், 2011-இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததும் உண்மை. ஆனால் நாம் பயிலும் வடிவம் 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்த காலத்தையொட்டி, ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பியவர்கள் சியோலில் திறந்த பயிற்சிக்கூடங்களில் வளர்ந்தது. டேக்வாண்டோ என்ற பெயரே 1955-இல் வந்ததுதான். போரில் சிதைந்த ஒரு நாடு இருபது ஆண்டுக்குள் அந்தக் கூடங்களை ஒன்று சேர்த்து, 1972-இல் குக்கிவொன் என்ற தலைமையகத்தை எழுப்பி, 1973-இல் முதல் உலகப் போட்டியையும் அங்கேயே நடத்தியது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாகவும் ஆக்கிவிட்டது. இந்த உண்மைக் கதையே என்னை அதிகம் வியக்க வைக்கிறது. பழமையைக் கூட்டிச் சொல்ல அதற்கு ஒரு தேவையும் இல்லை.

பழமை வேண்டுமென்றால் அது நம் ஊரிலேயே இருக்கிறது. அக்டோபரில் குடும்பங்களோடு ஹ்வாசொங் கோட்டை அரண்மனை முன்பு நடக்கும் 24 போர்க்கலைக் காட்சிக்குப் போனோம். இந்தக் கோட்டையை 1796-இல் கட்டி முடித்த அதே ஜொங்ஜோ மன்னரின் ஆணைப்படி 1790-இல் தொகுத்த போர்க்கலை நூலில் உள்ளவை அவை. வாள், ஈட்டி, குதிரைச் சவாரியோடு வெறுங்கைச் சண்டைக்கும் அதில் ஓர் இயல் உண்டு. தினமும் பேருந்தில் கடந்து போகும் கோட்டைக்குள் இது நடக்கிறது என்று நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது.

நவம்பரிலிருந்து 'தேகுக் இல் ஜாங்' என்ற முதல் பும்சேயைக் கற்றோம். கற்பனை எதிரியைத் தடுத்தும் குத்தியும் நடந்து காட்டும் தொடர் பயிற்சி அது, மொத்தம் 18 அசைவுகள். கொரியக் கொடியின் இடது மேல் மூலையில் மூன்று முழுக்கோடுகள் இருக்கின்றன அல்லவா? வானத்தைக் குறிக்கும் அந்தக் குறியின் வடிவிலேயே தரையில் நடக்கிறோம், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறோம். கடைசிக் குத்தில் 'கிஹாப்' என்ற உரத்த முழக்கம். இதில்தான் நம் பெண்கள் முதலில் மிகவும் தயங்கினார்கள். சத்தம் போடாமல் இருக்கவே வளர்ந்த எங்களுக்கு இது வராது என்றார் ஒருவர். ஜனவரியில் அவர் போட்ட கிஹாப்புக்குப் பக்கத்து அறையில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

பிப்ரவரியில் நடந்த தேர்வில் 9 பேர் மஞ்சள் பெல்ட் பெற்றார்கள். மீதி இருவர் மே மாதத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். அன்று சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து பார்த்தவர்கள் நம் பிள்ளைகள். ஒரு சிறுவன் தன் அம்மாவின் டோபோக் என்ற பயிற்சி உடையின் பெல்ட்டை அவிழ்த்து, இரண்டு நுனியும் ஒரே நீளத்தில் தொங்கும்படி மறுபடி கட்டிவிட்டான்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். வலி நீக்கும் பொருட்களும் கட்டுத்துணியும் கொண்ட முதலுதவிப் பெட்டி ஒன்று வாங்க அவை ஒப்புதல் தர வேண்டும். கொரிய மொழி நன்றாகத் தெரிந்த பெரியவர் யாராவது மொழிபெயர்க்க முன்வர வேண்டும். இதுவரை மொழிபெயர்த்த சிறுமி அடுத்த மாதம் நடுநிலைப் பள்ளிக்குத் தயாராகும் வகுப்பில் சேர்கிறாள், எல்லாச் சனிக்கிழமையும் அவளால் வர முடியாது.

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை புதியவர்களுக்கான வகுப்பு தொடங்கும். டோபோக் உடனே வாங்க வேண்டாம், தளர்வான பேண்டும் டீ-சர்ட்டும் போதும். காலைச் சாப்பாட்டை ஒன்றரை மணி நேரம் முன்பே முடித்துக்கொள்ளுங்கள். முழங்கால், முதுகுவலி உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாருங்கள். பெயர்களைத் துணைச் செயலாளரிடம் இன்றே கொடுக்கலாம்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு அவையை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்