ஆறு வயதில் அறுபடும் சிகிச்சை: மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சேவைகளைத் துறைகள் கூட்டாகத் திட்டமிடக் கோரும் மனு

அனுப்புநர்: மூளை முடக்குவாதம் உள்ள சிறுமியின் தாயும், உடன் கையொப்பமிட்ட பெற்றோரும்.

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது, அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழுவினர்தான் அவளுடைய குறைபாட்டை முதலில் கண்டு, குழந்தைகளின் குறைபாடுகளுக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை தரும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பிவைத்தனர். அங்கே கிடைத்த இயன்முறை சிகிச்சையால், நிமிர்ந்து உட்காரவே முடியாதிருந்த பிள்ளை சுவரைப் பிடித்து நிற்கும் அளவுக்குத் தேறினாள்.

சிக்கல் ஆறு வயதில் தொடங்கியது. அந்த மையம் முதன்மையாக 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அங்கன்வாடியின் பொறுப்பும் அதே வயதோடு முடிகிறது. அதன்பின் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. நான்கு ஆண்டுச் சிகிச்சைக் குறிப்புகள் அங்கே போய்ச் சேராததால், எல்லா மதிப்பீட்டையும் முதலிலிருந்து செய்தார்கள். அது முடிந்து சிகிச்சை மீண்டும் தொடங்குவதற்குள் ஏழு மாதம் போய்விட்டது. அதற்குள் கால் தசைகள் இறுகி, அவள் நிற்பதையே விட்டுவிட்டாள். அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் ஏற வேண்டிய படி வேறு. எந்த அலுவலரும் கடமை தவறியதாக நான் சொல்லவில்லை. அவரவர் பதிவேடு அவரவரிடம் சரியாகவே இருக்கிறது. நகல் எடுத்து அலைந்தவர்கள் நாங்கள்தான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 31-ஆம் பிரிவில் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. சிகிச்சை நின்றுபோகும் அதே வயதில்தான் அந்த உரிமை தொடங்குகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

எனவே, அச்சட்டத்தின் 72-ஆம் பிரிவு கூறும் மாவட்ட அளவிலான குழுவின் வழியாக, சுகாதாரம், பள்ளிக்கல்வி, குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள், மாற்றுத்திறனாளிகள் நலம் ஆகிய துறைகளின் அலுவலர்களை ஒன்றாக அமர்த்தி, எந்த ஒன்றியத்தில் எத்தனை குழந்தைகளுக்கு என்ன சிகிச்சை தேவை, அதற்கு எத்தனை இயன்முறை மருத்துவர்களும் சிறப்புப் பயிற்றுநர்களும் வேண்டும், பிள்ளைகளை அழைத்துவர என்ன வாகனம் என்பதை நிதியாண்டு தொடங்கும் முன்பே ஒரே திட்டமாக வகுத்து, செலவை அவரவர் ஒதுக்கீட்டிலிருந்து பகிர்ந்துகொள்ள ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். ஐந்தரை வயதிலேயே இரு மையத்தாரும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து, குழந்தையின் கோப்பை நேரடியாக ஒப்படைக்கும் முறையும் வேண்டும்.

இவை அனைத்தையும் உடனே செய்ய இயலாவிடில், அந்த ஒப்படைப்புக் கூட்டத்தை மட்டுமாவது வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் எங்கள் ஒன்றியத்தில் நடத்த ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு ஆறு வயதை எட்டும் நான்கு குழந்தைகளின் பெற்றோர் இம்மனுவில் கையொப்பமிட்டுள்ளனர்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்