தலை நிற்கிற வரைக்கும்

செல்விக்கு அம்மா எழுதுவது.

குழந்தையின் கழுத்து ஒரு பக்கமாகவே திரும்பி நிற்கிறது என்று நேற்று ராத்திரி நீ போனில் அழுததைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை, மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குழந்தை சிணுங்குவான், நீ வைத்துவிட்டு ஓடுவாய், அதனால்தான் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். பால் கொடுத்துக்கொண்டே படிக்காதே, அவன் தூங்கியதும் படி. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், நாளைக்கு அந்தப் பாட்டியை வரவழைத்து உரம் எடுக்கிற வேலை, அதுதான் புடவையில் போட்டுக் குழந்தையை உருட்டுவது, வேண்டாம். அத்தையிடம் கோபமாகப் பேசாதே, அவர் பேரன்மேல் இருக்கிற பாசத்தில் சொல்கிறார், அவர் பெற்ற மூன்றுக்கும் அப்படித்தான் செய்திருப்பார்கள். 'அம்மா டாக்டரிடம் காட்டிவிட்டுச் செய்யலாம் என்கிறாள்' என்று என் தலையில் போட்டுவிடு. 31 வருஷம் நர்ஸாக இருந்தவள் சொன்னால் கொஞ்சம் பொறுப்பார்.

நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், முகம் எப்போதும் வலது பக்கம் திரும்பியிருக்கிறது, தலை லேசாக இடது தோள் பக்கம் சாய்ந்திருக்கிறது, இடது பக்கம் திருப்பினால் அழுகிறான். நீ ஒன்று செய். கண்ணாடி முன்னால் நின்று உன் முகத்தை நன்றாக வலது பக்கம் திருப்பிப் பார். இடது காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பு மேட்டிலிருந்து நெஞ்செலும்பின் மேல் நுனி வரைக்கும் ஒரு பட்டை கயிறு மாதிரி சாய்வாக எழும்பும், தொட்டால் தெரியும். அதன் இன்னொரு கிளை காறை எலும்பில் போய் ஒட்டியிருக்கும். அதற்குப் பெயர் ஸ்டெர்னோமாஸ்டாய்டு, வார்டில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இடது பட்டை இழுத்தால் முகம் வலது பக்கம் போகும், தலை இடது பக்கம் சாயும். சில குழந்தைகளுக்கு இந்த ஒரு பட்டை மட்டும் குட்டையாக, இறுக்கமாக இருக்கும். கர்ப்பத்தில் இடம் நெருக்கடியாகக் கிடந்ததாலோ, பிரசவத்தில் இழுபட்டதாலோ என்று சொல்வார்கள். டார்ட்டிகாலிஸ் என்று சீட்டில் எழுதுவார்கள், பெயரைப் பார்த்துப் பயப்படாதே.

குழந்தை தூங்கும்போது உன் விரல் நுனியை வைத்து அந்த இடது பட்டையில் மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிப் பார், அழுத்தாதே. நடுவில் சுண்டைக்காய் அளவில் ஒரு கெட்டி தட்டுப்பட்டாலும் படலாம், படாமலும் இருக்கலாம். இருந்தால் அது பெரும்பாலும் அந்தத் தசையிலேயே உண்டான கட்டி, பல மாதங்களில் தானே கரைந்துவிடும். ஆனால் அது அதுதானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் ஸ்கேன் எடுப்பார். இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேள், கழுத்து இப்படி இருக்கிற குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியாக உட்கார்ந்திருக்காது. அப்புறம் பிசியோதெரபிஸ்ட் எப்படி நீட்டிவிட வேண்டும் என்று உன் கையைப் பிடித்துக் காட்டுவார். அவர் காட்டுகிற வரைக்கும் நீயாக ஒன்றும் செய்யாதே. சீக்கிரம் ஆரம்பித்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும், என் கண்ணால் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உரம் எடுப்பதைப் பற்றி. இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்று சொல்கிறேன். உனக்கும் எடுத்தார்கள். உனக்கு எழுபது நாள் இருக்கும், ராத்திரி முழுக்க அழுதாய், உன் ஆச்சி ஒரு அம்மாவைக் கூட்டி வந்தாள். பழைய நூல் புடவையை விரித்து உன்னை நடுவில் போட்டு, இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு, புடவையைத் தூக்கித் தூக்கி உன்னை உருட்டினார்கள். உன் தலை ஒரு திருப்பத்தில் பின்னால் தொங்கிப் போய் மறுபடி வந்தது. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே நான் நர்ஸ், கழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்தவள், என் அம்மா முன்னால் வாய் திறக்க முடியவில்லை. உனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்தத் தலை தொங்கிய காட்சி இத்தனை வருஷமாக என்னை விட்டுப் போகவே இல்லை. நீயும் வாசற்படியில் நிற்கக் கூடாது என்றுதான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கழுத்துக்குள் ஏழு எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான், ஒவ்வொன்றும் நீளம். நமக்கு மேலே இருக்கிற முதல் எலும்பு ஒரு வளையம் மாதிரி, அதன்மேல்தான் மண்டை உட்கார்ந்திருக்கிறது, 'ஆமாம்' என்று தலையாட்டுவது அந்த மூட்டில். இரண்டாவது எலும்பில் பல் மாதிரி ஒரு முளை மேலே நீட்டிக்கொண்டு முதல் வளையத்துக்குள் நிற்கும், அதைச் சுற்றித்தான் 'இல்லை' என்று திரும்புகிறோம், கழுத்து திரும்புவதில் ஏறத்தாழ பாதி அந்த ஒரே இடத்தில் நடக்கிறது. அந்த முளைக்குப் பின்னாலேயே தண்டுவடம் இறங்குகிறது. மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணுகிற இடங்களிலிருந்து கிளம்புகிற நரம்புதான் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத் தசையை அசைத்து நம்மை மூச்சு விட வைக்கிறது. எலும்புகளின் இரண்டு பக்கமும் சிறு துளைகள் இருக்கும், ஆறாவதிலிருந்து முதல் எலும்பு வரைக்கும் அந்தத் துளைகள் வழியாக இரண்டு ரத்தக் குழாய்கள் ஏறி மூளையின் பின்பக்கத்துக்குப் போகின்றன. சலூனில் வெட்டி முடித்ததும் கழுத்தைப் பிடித்து 'டக்'கென்று சொடுக்கெடுப்பார்களே, அது வேண்டாம் என்று மாப்பிள்ளையிடமும் சொல், திடீரென்று முறுக்கினால் அந்தக் குழாயின் உட்சுவர் கிழியலாம்.

இது வளர்ந்தவர் கழுத்து. உன் பிள்ளைக்கோ அந்த எலும்புகள் இன்னும் துண்டு துண்டாக, நடுவில் குருத்தெலும்பு ஒட்டி நிற்கின்றன, கட்டியிருக்கிற நார்கள் தளர்வு, தசைக்கு இன்னும் பலம் வரவில்லை. தலையோ உடம்பு நீளத்தில் நாலில் ஒரு பங்கு. நமக்கு எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலை, அவ்வளவு சின்னத் தண்டு. அதனால்தான் தூக்கும்போது பிடரியில் கை கொடு என்று உன்னிடம் நூறு தடவை சொன்னேன். விளையாட்டுக்குக்கூட குலுக்கக் கூடாது. குலுக்கினால் கழுத்து தாங்காது, மண்டைக்குள் இருக்கிற மெல்லிய ரத்தக் குழாய்கள் அறுந்துவிடும்.

தலை நிற்பது மூன்று நாலு மாதத்தில். குப்புறப் போட்டால் தலையைத் தூக்கத் தூக்கத்தான் கழுத்து முன்பக்கமாக வளைகிற அந்த வளைவும் நன்றாக உருவாகிறது, வயிற்றில் இருக்கும்போது முதுகு முழுவதும் ஒரே வில்லாகத்தான் இருந்தது. அதனால் விழித்திருக்கும்போது, நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, தினமும் நாலைந்து தடவை கொஞ்ச நேரம் குப்புறப் போடு. தூங்குவது மட்டும் எப்போதும் மல்லாக்கத்தான், தலையணை வேண்டாம். கட்டிலைத் திருப்பிப் போடு, ஜன்னலும் ஃபேனும் உன் முகமும் அவனுக்கு இடது பக்கம் வரட்டும். அவனே திரும்பப் பார்ப்பான். ஒரே பக்கம் படுத்தால் மண்டையும் அந்தப் பக்கம் தட்டையாகிவிடும்.

அடிக்கடி புரை ஏறுகிறது என்றாயே. முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல், இரண்டுக்கும் வாசல் ஒன்று. ஒவ்வொரு மிடறுக்கும் குரல்வளை மேலே எழும்பி, மூடி கவிழ்ந்து, பால் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் தப்பினால் இருமல், அது நல்லதுதான், இருமட்டும். உச்சந்தலையில் தட்டுவதால் ஒன்றும் வெளியே வராது. சத்தமே வராமல், அழ முடியாமல், முகம் நீலமானால்தான் ஆபத்து. அப்போது குப்புறத் தலை தாழ்த்திக் கையில் படுக்க வைத்து, தாடையைத் தாங்கிக்கொண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பு நடுவில் 5 அழுத்தம், வெளியே வருகிற வரை மாற்றி மாற்றி. பக்கத்தில் இருப்பவர் 108 கூப்பிட வேண்டும். டாக்டரிடம் போகும்போது இதையும் ஒரு தடவை செய்து காட்டச் சொல்.

இனி உன் கழுத்து வலியைப் பற்றியும் சொல்கிறேன். உன் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும், அதை ஒரு மணி நேரம் கீழே தொங்கவிட்டுக் குழந்தை முகத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தால் பிடரித் தசை என்ன செய்யும்? மடியில் தலையணை வைத்து குழந்தையை மார்பு உயரத்துக்குக் கொண்டு வா, நீ குனியாதே. வலி கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்தாலோ உடனே சொல்.

எனக்குத் தைராய்டு ஆபரேஷன் ஆனது உனக்கு நினைவிருக்கும், நீ ஒன்பதாவது படித்தாய். குரல் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகிறது, அது கொஞ்சம் அசதிப்பட்டு இரண்டு மாதம் எனக்குக் காற்றுதான் வந்தது. உன்னைக் கூப்பிட டம்ளரில் கரண்டியால் தட்டுவேன், நீ பாடப் புத்தகத்தோடு ஓடி வருவாய். என் கழுத்துத் தழும்பைத் தொட்டு 'வலிக்குதாம்மா' என்று தினமும் கேட்டவள் நீ. அவனையும் அதே மாதிரி பார்த்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது. இன்று சாயங்காலம் வீடியோ காலில் வா, போனை அவனுக்கு இடது பக்கம் வை, நான் கூப்பிடுகிறேன், எவ்வளவு தூரம் திரும்புகிறான் பார்ப்போம்.

அம்மா