லைட் இருக்கிறது, வயிறு கழுவியாயிற்றா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரைப்பைப் புற்றுநோயை முளையிலேயே காட்டும் 'நீல லைட் எண்டோஸ்கோப்பி' பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். கீழக்கரை, தொண்டியிலிருந்து எங்கள் எண்டோஸ்கோப்பி அறைக்கு வருகிறவர்கள் இப்போது "அந்த லைட் இருக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கழுவிவிட்டுப் பார்ப்பீர்களா, எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்று கேட்பாரில்லை. கட்டுரையும் அதைத் தொடவில்லை.

என்.பி.ஐ. (நேரோ பேண்ட் இமேஜிங்) என்னும் அந்த ஒளியில் 415, 540 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளங்கள் மட்டுமே வரும். இரண்டையும் ஹீமோகுளோபின் உறிஞ்சிக்கொள்வதால் இரைப்பையின் உட்சவ்வில் மேல்மட்ட ரத்த நுண்குழாய்கள் பழுப்பாகவும், ஆழத்தில் ஓடுபவை பச்சை கலந்த நீலமாகவும் தெரியும். வெள்ளை ஒளியில் வேர்க்கடலைப் பருப்பு அளவு லேசாகச் சிவந்த திட்டு ஒன்று தெரிந்தால், அல்சர் புண் ஆறிய இடம் என்று தாண்டிப் போய்விடலாம். வாய்வழி விடும் கேமரா குழாயான ஸ்கோப்பின் நுனியில் சிறு தொப்பி மாட்டி, என்.பி.ஐ.யில் பெரிதாக்கிப் பாருங்கள்: திட்டைச் சுற்றிக் கோடு கிழித்தாற்போல் எல்லை, உள்ளே திருகியும் அறுந்தும், ஓரிடம் தடித்து ஓரிடம் மெலிந்தும் குழாய்கள். அப்படியிருந்தால் புற்று என்றே சந்தேகித்துச் சோதனைக்குச் சதை எடுக்க (பயாப்சி) வேண்டும்.

எட்ட இருந்து பார்த்தால் இந்த ஒளி மங்கிவிடும். அதனால் வெள்ளை ஒளியில் முழு வயிற்றையும் சுற்றி வந்து, சந்தேகப்பட்ட இடத்தில்தான் பட்டனை மாற்ற வேண்டும். படம் எடுக்கும் முன்பே பயாப்சி எடுத்தால் கசியும் ரத்தம் கறுப்பாகத் தெரிந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

இதைவிடப் பெரிய இடைஞ்சல் சளியும் நுரையும். 100 மி.லி. தண்ணீரில் நுரையை அடக்கும் சிமெத்திகோன் 100 மி.கி., சளியைக் கரைக்கும் அசிட்டைல் சிஸ்டீன் 600 மி.கி. கலந்து அரைமணி நேரம் முன்பு குடிக்கக் கொடுத்தால் சவ்வு பளிச்சென்று தெரியும். செலவு அதிகமில்லை, நேரம்தான் ஆகிறது என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு காற்றை நிறைய விட்டு மடிப்புகளை விரிக்க வேண்டும். மடிப்புக்குள் ஒளிந்திருப்பதை எந்த லைட்டும் காட்டாது. சிங்கப்பூரில் 2015-இல் வெளிவந்த ஆய்வில், சராசரியாக 7 நிமிடமோ அதற்கு மேலோ எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், அவசரமாகப் பார்த்தவர்களைவிட புற்றையும் புற்றாக மாறக்கூடிய சவ்வு மாற்றங்களையும் ஏறத்தாழ இரு மடங்கு கண்டுபிடித்தார்கள்.

நம் கரையோரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'கேஸ் மாத்திரை' என்று மெடிக்கலில் கேட்டு மாதக்கணக்கில் பான்டோபிரசோல் போடுகிறார்கள். அமிலத்தைக் குறைக்கும் இந்த மாத்திரையால் புற்றின் மேலுள்ள புண்ணே தற்காலிகமாக ஆறிப்போகலாம், இரைப்பையில் குடியிருக்கும் ஹெச். பைலோரி என்னும் கிருமிக்கான சோதனையும் 'இல்லை' என்று பொய் சொல்லலாம். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு 2 வாரம் நிறுத்திவிட்டு வருவது நல்லது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது. போடுவதைச் சொன்னால் போதும்.

கருவாடு தின்றாலே புற்று வரும் என்பது போல் கட்டுரையாளர் எழுதியது கொஞ்சம் மிகை. உப்பு மிகுந்த உணவு இரைப்பைச் சவ்வை அரிக்கும், ஹெச். பைலோரி கிருமியும் இருந்தால் கூடுதல் கேடு, அவ்வளவுதான் சொல்லலாம். 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இரைப்பைப் புற்றுக்குக் காரணி என்று பட்டியலிட்டது அந்தக் கிருமியைத்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆட்கள் கரையில் இருப்பதால் முகாம் போட ஏற்ற நேரம். ஆனால் ஒரே ஸ்கோப்பை வைத்துக்கொண்டு 'காலையில் 40 பேருக்கு' என்று நோட்டீஸ் அடித்தால் கணக்கு உதைக்கிறது. பார்க்க 7 நிமிடம். ஸ்கோப்பின் உட்குழாயைப் பிரஷ் விட்டுத் தேய்த்து, கிருமிநாசினியில் ஊறவைத்து, அலசி உலர்த்த அரைமணிக்குக் குறையாது. 40 பேர் முடிந்தது என்றால் இரண்டில் ஒன்று நடக்கவில்லை.

— எண்டோஸ்கோப்பிப் பணியாளர்கள் இருவர்,
இராமநாதபுரம்